பழைய கொரோலாவுக்கு வீட்டிலேயே ஸ்ட்ரட் மாற்றியது: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

முன்சக்கரங்களின் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த பாகத்தை, மாற்றிய வாரத்திலேயே எழுதியிருந்தால் வெறும் புகழாரமாகத்தான் இருந்திருக்கும். செத்த ஷாக் அப்சார்பருக்குப் பழகிப்போன முதுகுக்கு எந்தப் புதுச் சாமானும் சொர்க்கம்தான். அதனால் இரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வண்டி 2007 டொயோட்டா கொரோலா. 15 ஆண்டுகள் முடிந்து பதிவையும் புதுப்பித்தாயிற்று, விற்கிற எண்ணமில்லை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் குதித்து ஆடித்தான் அடங்கியது. இடப்பக்க ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. டயரைத் தடவினால் மேடும் பள்ளமும் கையில் தட்டுப்பட்டன. ஒரு பக்கம்தான் கசிகிறது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி இரண்டு பக்கமும் ஒரேபோல் நடந்துகொள்ளாது.

ஸ்பானர் பிடித்துப் பழகாதவரால் முடியுமா? கழற்றி மாட்டுவது முடியும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, வண்டியின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. பிறகு பிரேக் குழாயின் பிடி, வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பியோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் லிங்க் ராடு, கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள், மேலே பானட்டுக்குள் மூன்று நட்டுகள். அவ்வளவுதான். துருவை இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து வைத்தால் பாதி வேலை குறையும். அதிகம் சோதிப்பது லிங்க் ராடு நட்டுதான். நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் நுனியிலுள்ள குழியில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டிவைக்காவிட்டால் பிரேக் குழாய் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் இணைப்பும் கழன்றுவிடலாம்.

ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கிலிருந்து புதியதற்கு மாற்றுவது வேறு சங்கதி. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவிலிருக்கும் நட்டுதான் அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைக் கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல்தட்டு பீரங்கிக் குண்டாகப் பாயும். அப்படி அமுக்குவதற்கான, கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் மலிவாகவே கிடைக்கிறது. நான் வாங்கவில்லை, புதியவர்கள் யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். கழற்றிய இரண்டையும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே தரையில் பொருத்திய இயந்திரம் இருந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் படியில் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டன் தண்டைக் குறடால் பிடிக்க விடக் கூடாது. அந்தப் பளபளப்பான பூச்சில் கீறல் விழுந்தால் சீல் அறுபட்டு, புது ஷாக்கும் கசியத் தொடங்கும்.

இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குப் பட்டது, பலன் ஷாக்கின் பிராண்டில் மட்டும் இல்லை. ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிணைக்கும் மவுண்ட், அதன் பேரிங், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் புதிதாகப் போட்டேன். "பழசே நன்றாகத்தானே இருக்கிறது" என்று பட்டறையில் சொன்னார்கள். ஆனால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது கேட்டுவந்த முனகல் அந்த பேரிங்கோடு போனது; இன்றுவரை திரும்பவில்லை. மழைநீரும் சேறும் பட்டும் தண்டு காய்ந்து சுத்தமாக இருப்பதற்குத் தூசி உறையும் ஒரு காரணம். மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சிறிது. இவற்றை விட்டுவிட்டால் பிறகு எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

முடித்த கையோடு வீல் அலைன்மெண்ட் பார்த்தாக வேண்டும். நக்கிள் போல்ட்டுகளின் துளையில் உள்ள சிறு இடைவெளியே சக்கரம் உள்ளே வெளியே சாயும் கேம்பர் கோணத்தை மாற்றிவிடும். பழைய டயர்களின் இரைச்சல் போகவில்லை. ஷாக் மாற்றியதால் தேய்ந்த ரப்பர் சமமாகிவிடாது. அதன்பின் போட்ட டயர்கள் ஒரே சீராகத் தேய்கின்றன.

பணம்? போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச், ஸ்டாண்டுகள், நல்ல பாக்ஸ் ஸ்பானர்கள் எல்லாம் வாங்கியதில் மிச்சமான கூலி கரைந்துவிட்டது. ஒரே முறை செய்வதற்கென்றால் லாபமில்லை. சென்ற மழையில் ஒரு பக்க லிங்க் ராடு ஆட்டம் கண்டபோதுதான் அந்தக் கருவிகளுக்கு மறுபடி வேலை வந்தது. பின்பக்க ஷாக்குகள் இன்னும் பழையவைதான். கசிவு தெரியும்வரை அவற்றைத் தொடுவதாக இல்லை.