பென்ஸ் லாரியா, காமெட்டா? நான் காமெட்டை எடுத்த கதை

பழைய லாரி ஒன்றை எடுத்துச் சரிபண்ணி வைத்துக்கொள்ளலாம் என்று டெல்டாவில் தேடினால் பெரும்பாலும் இரண்டு ரகம்தான் கண்ணில் படும். ஒன்று டாடா 1210. நம் பக்கத்துப் பெரிசுகளுக்கு அது இன்றைக்கும் 'பென்ஸ் லாரி'தான். இன்னொன்று அசோக் லேலண்ட் காமெட். மூன்று வருடத்துக்கு முன்னால் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் கொல்லையில் இரண்டும் அடுத்தடுத்து நின்றன, கோரைப்புல் ஆக்சில் வரை வளர்ந்திருந்தது. மச்சான் டாடாவை எடுத்தான், நான் காமெட்டை எடுத்தேன். ஆகவே என் பேச்சு ஒரு பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

அழகில் டாடாதான், அதில் சண்டையே இல்லை. அந்த மூக்கு ஒன்று போதும். 1954-ல் டைம்லர் பென்ஸோடு கைகோத்த டெல்கோ (டாடாவின் லாரி கம்பெனிக்கு அப்போதைய பெயர்), 1969-ல் ஒப்பந்தம் முடியும் வரை மூக்கில் பென்ஸ் நட்சத்திரத்தோடுதான் லாரி விட்டது. நட்சத்திரம் வைத்த வண்டி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், நாளைக்கு விற்பதென்றாலும் ஆள் தேடி வரும். மச்சானுடையது அதற்குப் பிந்தையது. என் காமெட்டுக்கு மூக்கே கிடையாது, தட்டை முகம்.

இழுவை, மைலேஜ் எல்லாம் இனி பேசி என்ன ஆகப்போகிறது? இரண்டுமே நெல் மூட்டை சுமந்தே தேய்ந்தவை, இனிமேல் ஏறப்போவது வீட்டுப் பிள்ளைகள்தான். ஆர்.சி. விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரே தலைவலி. 50 வருடம் தாண்டிய பழைய வண்டிகளுக்கென்று 2021-ல் வந்த தனிப் பதிவு விதி இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான், லாரிக்கு இல்லை. ரோட்டில் ஓட்ட ஆசைப்பட்டால் சரக்கு ஏற்றும் லாரி மாதிரியே எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும்.

நான் முடிவெடுத்தது உதிரி பாகத்தை வைத்து. 'டாடாவுக்குத்தான் சாமான் கிடைக்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள், பொதுவாக உண்மையும்கூட. அதன் 697 எஞ்சின், பெயரே சொல்வது போல 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் துளையும் (போர்) 97 மில்லிமீட்டர் விட்டம். பின்னால் வந்த டாடா வண்டிகளிலும் ரொம்ப நாள் ஓடிய எஞ்சின் என்பதால் பிஸ்டன், லைனர் தேடி அலைய வேண்டியதில்லை. காமெட்டை எடுத்தபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தஞ்சாவூரில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்புறம் ஒருநாள் வேறு வேலையாக நாகப்பட்டினம் போனவன், கடுவையாற்றுக் கரையில் ஒரு விசைப்படகிலிருந்து எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்குவதைப் பார்த்து நின்றுவிட்டேன். மேலெல்லாம் உப்புப் பூத்து, பச்சை பெயிண்ட் உரிந்து கிடந்தாலும் பிளாக் எனக்குத் தெரிந்த பிளாக். என் செல்லில் இருந்த படத்தை மிஸ்திரியிடம் காட்டினேன். "தம்பி, இது முந்நூத்தெழுபதா, நானூறா? நம்பரைத் தேய்ச்சுப் பாத்துட்டு வா" என்றார். இந்த எண்கள் கன அங்குலம். 370 என்றால் சுமார் 6 லிட்டர், 400 என்றால் சுமார் ஆறரை. நம் கரையோரத்து விசைப்படகுகள் பலவற்றில் லேலண்ட் எஞ்சின்தான். கடலுக்கென்று கூலிங்கை மாற்றியிருப்பார்களே தவிர உள்ளே பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் ஒரே குடும்பம். லாரி ரோட்டைவிட்டுப் போன பிறகும் படகு அந்தச் சாமானை உயிரோடு வைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையேறி எஞ்சின் பிரிக்கும் நேரம். அப்போது போனால் சாமான் இருக்கும், மிஸ்திரி கிடைக்கமாட்டார். என் வண்டி ஜூலை வரை காத்திருந்தது.

ஆளுக்கும் பஞ்சமில்லை. 1972-ல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்ததிலிருந்து லேலண்ட் பஸ்ஸைப் பிரித்துப் பூட்டியே ரிட்டயர்டானவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். டீயும் மரியாதையும் கொடுத்தால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

காமெட்டில் என்னைப் படுத்தியது ஸ்பேனர். போல்ட்டெல்லாம் இஞ்சு அளவு. 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் உள்ளே போகாது, 15 போட்டால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். 9/16 இஞ்சுதான் சரியாக உட்காரும். இது தெரிவதற்குள் நாலு போல்ட்டைக் கெடுத்துவிட்டேன். டாடாவில் இந்த வம்பு இல்லை, எல்லாம் மில்லிமீட்டர்.

பிரேக்கைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன். மச்சான் வண்டியில் ஏர் உதவியோடு ஹைட்ராலிக், என்னுடையது முழு ஏர். நம் ஈரக்காற்றில் சும்மா நின்றே அவனுக்கு வீல் சிலிண்டர் இரண்டு முறை இறுகிவிட்டது, எனக்கு ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரை வடிப்பதோடு சரி. ஆனால் இரண்டே வண்டியை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. கியர் பாக்ஸை நாங்கள் இருவருமே இன்னும் திறக்கவில்லை. அங்கே எனக்குப் படகு கைகொடுக்காது, காயலான் கடைதான்.

ரேடியேட்டருக்கும் அதே கதை, படகில் அது கிடையாதே. கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். குடத்துக்கு வைக்கிற மாதிரியே அழகாக வைத்துக் கொடுத்தார். கீழ் மூலையில் மட்டும் இன்னும் சொட்டுகிறது, அடியில் ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறேன்.