மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகும் புதியவர்களே, பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், இதை எனக்கு விற்ற ஆள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். போனது ஒரு மாதச் சம்பளம். பிடித்தம் போக மிஞ்சியது என்று கணக்குப் போடாதீர்கள், முழு ஒரு மாதச் சம்பளம். அதற்குப் பதிலாக என் வீட்டு மூலையில் சாய்ந்து நிற்பது, நம்பர் காட்டும் ஒரு பிளாஸ்டிக் கம்பு.

வாங்கிய இடம், யார் வேண்டுமானாலும் பொருளைப் போட்டு விற்கக்கூடிய ஓர் ஆன்லைன் தளம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே ஆள் நாளைக்கே வேறு தளத்தில் வேறு பெயரில் கடை விரிப்பார். விளம்பரத்தில் இருந்தது ஒரு பெயர்பெற்ற கம்பெனியின் ஆரம்பநிலை மாடல், பெட்டி பிரிக்காதது. கூடவே ஒரு வரி: "புதியவர்களுக்குப் பழகும்வரை சொல்லித்தரப்படும்." என்னை இழுத்தது அந்த வரிதான். கருவி எங்கும் கிடைக்கும். அது எழுப்பும் சத்தத்தில் எது ஆணி, எது நாணயம் என்று காது பழகுவதுதான் கஷ்டம் என்று படித்திருந்தேன். சொல்லித்தர ஆள் இருந்தால் நல்லதுதானே?

முதல் பேச்சிலேயே அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. மற்ற மோசடிகளைப் பற்றிப் பேசினார்! "நாணயத்தை ரெண்டு மீட்டர் ஆழத்துல காட்டும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க பிரதர். இந்த மாதிரி மெஷின்ல 20, 25 சென்டிமீட்டர்ல தெளிவா கேட்டாலே பெரிய விஷயம்." காயிலை (கம்பின் அடியில் இருக்கும், தரையை ஒட்டி ஆட்டும் வட்டத் தட்டு) விட்டுத் தள்ளிப்போகப் போக சிக்னல் எவ்வளவு வேகமாகச் செத்துப்போகும் என்று விளக்கினார். தூரம் இரட்டிப்பானால் சின்னப் பொருளிலிருந்து திரும்பி வருவது ஏறக்குறைய 64-இல் ஒரு பங்குதான் என்றார். பிறகு தேடிப் பார்த்தேன், சரியான கணக்கு.

அடுத்து, தூரத்திலிருந்தே பொருளைக் காட்டும் என்று விற்கப்படும், ஆன்டெனா வைத்த "தொலைதூர" கருவிகளைக் கிழித்தார். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர், கால்ஃப் பந்து தேடித்தரும் என்று விற்கப்பட்ட வேடிக்கைப் பொருளின் சாயலிலேயே ஏடிஇ 651 என்று ஒன்றைச் செய்து, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியாக ஈராக்குக்கு விற்றதையும், 2013-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை கொடுத்ததையும் சொன்னார். அதையும் தேடினேன். அதுவும் உண்மை. இவ்வளவு உண்மை பேசுகிறவர் நம்மையா ஏமாற்றப்போகிறார் என்று தோன்றிய இடம் அதுதான். அடுத்தவன் மோசடியை விளக்கியே தன் மோசடியை விற்கிற சாமர்த்தியத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு வீடியோ காலில் செய்து காட்டினார். மர மேசையின் விளிம்புக்கு வெளியே காயிலை நீட்டி வைத்து, அதன் முன்னால் ஒரு நாணயத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எந்த வகை உலோகம் என்பதைச் சுட்டும் நம்பர், திரையில் 80-ஐ ஒட்டி ஆடாமல் அசையாமல் நின்றது. துருப்பிடித்த ஆணிக்கு அடித்தொண்டையில் உறுமல். அலுமினியத் தாளுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு நம்பர். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன, ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும், அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும், அதன் எதிரொலியை இன்னொரு சுற்று கேட்கும், அந்த எதிரொலி எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்துத்தான் இரும்பா வெள்ளியா என்று மெஷின் சொல்லும் என்று அழகாகப் பாடம் எடுத்தார். (வயிறு எரிந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், அதைவிடத் தெளிவான பாடத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.) அன்று ராத்திரியே ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

வீடியோவில் வந்தது அசல் மெஷின். என் வீட்டுக்கு வந்தது அதன் நகல்.

பெட்டி, கையேடு, லோகோ எல்லாம் கச்சிதமாக இருந்தன. மெஷினை ஆன் செய்து அதே மாதிரி ஒரு நாணயத்தைக் காட்டினேன். 12 என்றது. மறுபடி காட்டினால் 71, அப்புறம் 40. நாணயம் மாறவில்லை, தூரம் மாறவில்லை, நம்பர் மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது. காயிலோடு வயர் சேரும் இடத்தை விரலால் லேசாக வளைத்தால், எதிரே உலோகமே இல்லாமல் "டிங்" என்றது. விட்டால் அமைதி, வளைத்தால் டிங். மெஷினின் அடியில் இருந்த சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு இருந்தது. நகத்தால் நெம்பினேன், உரிந்து கையோடு வந்துவிட்டது. கீழே அதே அளவில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு நம்பர்.

உடனே அவருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலும் உடனே வந்தது. இதைக் கவனியுங்கள், ஆரம்பத்தில் அவர் ஓடி ஒளியவே இல்லை. "சென்சிட்டிவிட்டியை ரொம்ப ஏத்தி வெச்சிருப்பீங்க பிரதர், குறைங்க." நியாயமான பேச்சு. சின்னச் சிக்னலையும் பிடிக்கும் அந்தக் கூர்மையை அதிகம் வைத்தால் எந்த மெஷினும் பிதற்றும். கடைசிவரை குறைத்தேன், பிதற்றல் நிற்கவில்லை. "பாக்கெட்ல மொபைல் இருக்கா? மேல கரண்ட் லைன் போகுதா?" இதுவும் உண்மையான காரணம்தான். மொபைலை வீட்டில் வைத்துவிட்டு, கம்பமே இல்லாத வெட்டவெளிக்குப் போனேன். அதே கூத்து. "மண்ணுல தாது ஜாஸ்தியா இருக்கும், கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணுங்க." செய்தேன்.

இந்த கிரவுண்ட் பேலன்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, பட்டனைப் பிடித்துக்கொண்டு காயிலைத் தரையை ஒட்டி மேலும் கீழும் ஏற்றி இறக்க வேண்டும். மண்ணில் உள்ள தாதுக்களின் சிக்னலை ஒதுக்குவதற்காக மெஷின் அதை அளந்து ஓர் எண்ணுக்கு வந்து நிற்கும், மண்ணுக்கு மண் அந்த எண் மாறும். என் மெஷின் சிவப்பு மண்ணில் காட்டிய எண்ணையே ஆற்று மணலிலும் காட்டியது. சந்தேகம் வந்து காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, வெறும் காற்றில் பட்டனை அழுத்தினேன். அங்கேயும் அதே எண். அளப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, பட்டனைத் தொட்டால் ஓர் எண்ணைக் காட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு வந்தது ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்களாம். உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட, டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தானே ஒரு கருவி செய்துகொண்டு போனாராம். கட்டில் மெத்தையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குறுக்கே வந்து குழப்பிவிட்டனவாம். "பெல்லுக்கே அந்தக் கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்? உங்க ஷூவுல இரும்பு இருக்கான்னு பாருங்க." கதை உண்மை. நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரே மந்திரம்: "புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான். ஒரு வாரம் பழகிட்டுச் சொல்லுங்க." இந்த மந்திரத்தின் பொருள், தளத்தில் புகார் பொத்தானைத் தேடியபோதுதான் விளங்கியது. பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடிந்து போயிருந்தது. சொல்லித்தருகிறேன் என்று இழுத்ததெல்லாம் அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். கெடு முடிந்த பிறகு பாடமும் நின்றுவிட்டது. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அசல் கம்பெனிக்கு இரண்டு சீரியல் நம்பர்களையும் அனுப்பினேன். இரண்டுமே தங்களுடையவை அல்ல, வாரண்டி கிடையாது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து விற்றவருக்கு அனுப்பியபோது கடைசியாக ஒருமுறை வாய் திறந்தார்: "அது அவங்க சர்வர் பிரச்சனை." அத்தோடு என்னை பிளாக் செய்துவிட்டார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, "பொருள் கிடைத்ததை நீங்கள் உறுதி செய்துள்ளீர்கள், குறை இருந்தால் விற்றவரிடம் பேசவும்" என்கிறது. பிளாக் செய்தவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அதே வாக்கியத்தை மறுபடி ஒட்டினார்கள். அதற்குள் என் புகார் டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் போனவனுக்கு எது தீர்ந்தது?

புதியவர்களுக்கு எதை வாங்கலாம், எப்படிப் பழகலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் சொல்கிறேன். சீரியல் நம்பரை முன்கூட்டியே வாங்கி, கம்பெனியிடமே கேட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். நம்பரைத் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கருவி வந்த அன்றே ஒரு நாணயம், ஓர் ஆணி, கொஞ்சம் அலுமினியத் தாள் வைத்துப் பாருங்கள். ஒரே பொருளை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பலமுறை ஆட்டினால் நம்பர் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தங்க மோதிரமும் டின் மூடியின் அலுமினிய வளையமும் ஒரே நம்பர் காட்டினால் பயப்படாதீர்கள். அசல் மெஷினுக்கும் அந்தக் குழப்பம் உண்டு, அது மோசடி இல்லை. வயரை அசைத்துப் பாருங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் எண்ணை இரண்டு விதமான மண்ணிலும் வெறும் காற்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். "பழகிட்டுச் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால், பழகுவதற்கு முன்னால் தளத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள். வேண்டாமென்றால் பிறகு திரும்பப் பெறலாம்.

வங்கியிலும் சைபர் கிரைமிலும் மனு கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால், உங்கள் மெஷினின் சீரியல் நம்பரை எனக்கு அனுப்புங்கள். என்னுடையதோடு ஒத்துப்போனால் சேர்த்தே புகார் கொடுக்கலாம்.