டிஸ்ட்ரிபியூட்டட் கேஷ்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில் மெமரியும் டெட்லாக்கும்

ஜாவாவில் எழுதிய ஒரு டிஸ்ட்ரிபியூட்டட் கேஷைப் பல வருடங்களாக புரொடக்‌ஷனில் ஓட்டி வருகிறோம். அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைப் பல சர்வர்களின் மெமரியில் பிரித்து வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது; ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட், எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். பெயர் வேண்டாம், கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் வரக்கூடியதுதான். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேஷாக மட்டும் வைத்துக்கொண்டால் அருமையான சாமான். லாக் (பூட்டு), டிரான்சாக்‌ஷன் (பல மாற்றங்களை ஒன்றாக முடிக்கும் வேலை), ஈவென்ட் லிஸனர் (டேட்டா மாறும்போது கேஷ் தானாக அழைக்கும் நம் கோடு) என்று அது தருகிற வசதி எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

மெமரியில் எல்லோரும் போடும் கணக்கு, ஒரு ரெக்கார்ட் இத்தனை பைட், அதை எண்ணிக்கையால் பெருக்கு என்பது. ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மில் அது எடுபடாது. 64-பிட் ஜேவிஎம்மில், கம்ப்ரஸ்ட் பாயின்டர் (ஆப்ஜெக்ட் முகவரியைச் சுருக்கி வைப்பது) இருக்கும்போதே, கீயாக வரும் 8 பைட் எண் ஒன்றை லாங் ஆப்ஜெக்ட்டாக வைத்தால் 24 பைட், கீ-வேல்யூ ஜோடிகளை வைக்கும் ஹேஷ்மேப்பின் உள்நோட் (கிளஸ்டர் நோட் அல்ல) ஒன்றுக்கு 32 பைட். ஆக வேல்யூவைத் தொடுவதற்கு முன்பே ஒரு என்ட்ரிக்கு 56 பைட் போய்விட்டது. ஒரு கோடி என்ட்ரி என்றால் 560 எம்பி, பேக்கப் காப்பி ஒன்று வைத்தால் கிளஸ்டர் முழுக்க அதன் இரட்டிப்பு. இன்டெக்ஸ் வைத்தால் இன்னும் மேலே. கேஷ் டேட்டாவை ஹீப்புக்கு (ஜேவிஎம் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரி) வெளியே வைத்தால் இந்தக் கணக்கு மாறும், ஆனால் அதற்கு வேறு தலைவலி இருக்கிறது, வருகிறேன்.

சரி, ஹீப்பைப் பெரிதாக்கிவிடலாமே என்றால் அங்கேயும் ஒரு பள்ளம். 32 ஜிபியைத் தாண்டினதும் ஜேவிஎம் வழக்கமாக கம்ப்ரஸ்ட் பாயின்டரைக் கைவிட்டுவிடும், ஒவ்வொரு ரெஃபரன்ஸும் 4 பைட்டிலிருந்து 8 ஆகும், அதனால் 31 ஜிபி ஹீப்பில் அடங்கினது 35-இல் அடங்காமல் போகலாம். அதைவிட மோசம் ஜிசி (தேவையற்ற ஆப்ஜெக்ட்களை அகற்றும் துப்புரவு) நடக்கும்போது வரும் இடைநிறுத்தம். ஃபுல் ஜிசி நீண்டால் அந்த நோட் ஹார்ட்பீட் (உயிரோடிருக்கிறேன் என்ற செய்தி) அனுப்பாது, மற்ற நோட்கள் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதன் டேட்டாவைத் தங்களுக்குள் பங்கு போடும், ஏற்கனவே நிரம்பியிருந்த அவற்றின் ஹீப்பும் அந்தச் சுமையில் ஜிசிக்குள் போகும், அப்புறம் வரிசையாக ஒவ்வொன்றும் விழும். பார்ப்பவர்கள் நெட்வொர்க் பிரச்சினை என்றுதான் டிக்கெட் போடுவார்கள். ஜிசி பதிவையும் நோட் வெளியேறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை அந்த வாதம் ஓயாது.

டாஷ்போர்டில் தெரியும் ஹீப் பயன்பாட்டைப் பார்த்துப் பயப்படுவதும் வீண். ஏறி இறங்குவது ஜேவிஎம்மின் இயல்பு. ஓல்டு ஜெனரேஷனை (நீண்ட நேரம் வாழும் ஆப்ஜெக்ட் இருக்கும் ஹீப் பகுதி) ஜிசி துப்புரவு செய்த பிறகும் மிஞ்சுகிற அளவு நாளுக்கு நாள் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் லீக் (விடுவிக்காமல் தேங்கும் மெமரி) என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், எக்ஸ்பைரி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காலாவதியான என்ட்ரியை யாராவது கேட்கும்போதுதான் நீக்குகிற கேஷ் உண்டு, யாருமே கேட்காத கீ அப்படியே கிடக்கும்.

ஹீப்புக்கு வெளியே வைப்பதன் தலைவலி இது: கன்டெய்னருக்கு ஒதுக்கிய மெமரி லிமிட்டை மீறினதும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் ப்ராசஸை 137 என்ற எக்ஸிட் கோடோடு கொன்றுவிடும். ஜேவிஎம்முக்கே தெரியாமல் நடப்பதால் ஹீப் டம்ப் (ஹீப்பின் நகல்) வராது, அதன் பதிவிலும் ஒரு வரி இருக்காது. ஜேவிஎம்மின் நேட்டிவ் மெமரி டிராக்கிங்கை முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால் ஹீப், திரெட் ஸ்டாக், மெட்டாஸ்பேஸ் என்று எது வளர்ந்தது எனப் பிரித்துப் பார்க்கலாம். அதற்குச் சிறிது வேகம் இழப்பதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது டெட்லாக், அதாவது ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்று காத்து இரண்டுமே நகராமல் நிற்பது. திரெட்களின் நிலையை டம்ப் எடுத்துத் தரும் ஜேஸ்டாக் கருவி ஒரே ஜேவிஎம்முக்குள் இருக்கும் லாக் வட்டத்தைக் கண்டுபிடித்து டம்பின் அடியில் எழுதிவிடும். கிளஸ்டரில் சிக்கினது அப்படித் தெரியாது. ஒரு நோட்டில் நடக்கும் டிரான்சாக்‌ஷன் முதலில் ஏ என்ற கீ, பிறகு பி என்று பூட்டும், இன்னொரு நோட்டில் நடப்பது பி, பிறகு ஏ. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு டம்பும் சுத்தம். மொத்தமாக எழுதும்போது சாதாரண ஹேஷ்மேப்பைக் கொடுத்தால் கீ வரிசைக்கு உத்தரவாதமே இல்லை, அதனால் பூட்டும் வரிசையும் மாறும். வரிசைப்படுத்திய மேப் கொடுத்தால் இந்த வகை டெட்லாக் பெரும்பாலும் தீரும்.

இன்னொரு வகை டெட்லாக் மாதிரியே நடிக்கும், ஆனால் அல்ல. எங்களிடம் கிளஸ்டர் உறைந்த நேரத்து டம்பில் ஒரு திரெட் பூல் முழுக்க எல்லாத் திரெட்டும் பார்க் ஆகி (காத்து நின்று), ஒரே ஸ்டாக்கைக் காட்டிக்கொண்டிருந்தன: கீழே எங்கள் ஈவென்ட் லிஸனர், அதற்கு மேலே கேஷிலிருந்து ஒரு கெட் (படிப்பது), உச்சியில் ஃபியூச்சருக்கான (பின்னால் வரும் பதிலுக்கான) காத்திருப்பு. வரவேண்டிய பதிலைக் கையாள அதே பூலில் ஒரு திரெட் வேண்டும், அது காலியில்லை. பூலைப் பெரிதாக்கினால் பிரச்சினை கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர தீராது. லிஸனருக்குள்ளிருந்து கேஷைத் தொடக்கூடாது, வேலையைத் தனி எக்ஸிக்யூட்டரிடம் (வேறொரு திரெட் பூல்) கொடுத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். இதை ஆவணத்தில் எங்கோ ஒரு மூலையில் சின்னக் குறிப்பாகப் போட்டிருக்கிறார்கள், முதல் பக்கத்தில் போட வேண்டியது.

உறைந்தால் பதறி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், தடயம் மொத்தமும் போய்விடும். எல்லா நோட்டிலும் ஒரே நேரத்தில், சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று டம்ப் எடுங்கள், நகராத திரெட் எது என்று அப்போதுதான் தெரியும். இந்த ஸ்கிரிப்ட் முன்பே தயாராக இருக்க வேண்டும், உறைந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது.

இன்று எங்கள் லாக்கெல்லாம் டேட்டாபேஸுக்குப் போய்விட்டன, கேஷில் வெறும் கெட், புட் மட்டும். இன்னும் எரிச்சல் தருவது டிரான்சாக்‌ஷன் டைம்அவுட்தான். ஒன்றும் மாற்றாமல் விட்டால் பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். புதிதாகச் சேரும் டீம் எதுவானாலும் அதை மாற்றி வைத்த பிறகுதான் எங்கள் கிளஸ்டரில் இணைய விடுகிறோம்.