வெள்ளத்தில் நனைந்த புண்ணாக்கைக் காயவைத்து விற்கிறார்கள், கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மாடு, ஆடு, கோழி, தாரா (வாத்து) வளர்க்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மாரி வெள்ளத்தில் நனைந்துபோன தேங்காய்ப் புண்ணாக்கைக் காயவைத்து, நல்ல சரக்கோடு கலந்து, முழு விலைக்கு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் தாராக் குஞ்சுகள் அத்தனையும் செத்துப்போயின. கறவை மாட்டுக்குப் பால் குறைந்துவிட்டது, கன்று இன்னும் தேறவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதனால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். பெரும்போகம் விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. பெரிய பட்டிக்காரர்கள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். வீட்டோடு ஒன்றிரண்டு கறவை வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும்தான் கதி. வெள்ளம் வடிந்த கையோடு புல்லெல்லாம் அழுகிக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம், என்ன விலை சொன்னாலும் வாங்கத்தான் வேண்டும். கடைக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும்.

"இப்பதான் மில்லில இருந்து இறங்கின சரக்கு அக்கா" என்று சொல்லித்தான் மூட்டையைத் தந்தார். வாயைப் பிரித்து ஒரு கை அள்ளியும் காட்டினார். நல்ல இளம் மண்ணிறம், தேங்காய் எண்ணெய் வாசம். ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதலில் தெரிந்தது தாராக் குஞ்சுகளில்தான். அம்மா தவிட்டோடு புண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்து வைப்பார். குஞ்சுகள் தின்னாமல் மூலையில் ஒதுங்கின. அப்புறம் கால் தடுமாறி விழுந்தன. சாகும்போது கழுத்தைப் பின்பக்கமாக வளைத்து இழுத்துக்கொண்டு கிடந்தன, பார்க்க முடியவில்லை. மிருக வைத்தியர் ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். ஈரல் வீங்கி, வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருந்தது, அங்கங்கே இரத்தப் புள்ளிகள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீனி போட்டீங்க?"

வீட்டுக்கு வந்து மூட்டையை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினோம். அடிப்பாதியில் கருத்த கட்டிகள். ஒன்றை உடைத்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம், மூக்கில் ஏறுகிற நாற்றம். பையின் வெளிப்பக்கம் சேற்றுத்தண்ணீர் நின்ற கோடு மங்கலாகத் தெரிந்தது. அடி மூலையில் மெஷின் தையலைப் பிரித்துவிட்டு, கையால் சணல் நூலில் தைத்திருந்தார்கள். மேலே இருந்த தூளிலும் அந்தச் சரக்கைக் கலந்துதான் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த நேரம் அந்தக் கடையின் பின்வளவில் படங்கு விரித்துப் புண்ணாக்கு காயப்போட்டிருந்ததைப் பக்கத்து வீட்டு மாமி கண்டிருக்கிறார். அது விற்பனைக்கு வரும் என்று யார் நினைப்பார்கள்?

கடைக்காரர் கொஞ்சமும் அசையவில்லை. "வெயில்ல காஞ்சா பூஞ்சணமெல்லாம் செத்துரும் அக்கா, அதால ஒண்டும் வராது. உங்கட தாராவுக்கு வேற ஏதும் நோய் வந்திருக்கும்." கடைசியில், மீதி மூட்டையைக் கொண்டுவந்தால் வேறு மூட்டை தருவதாகச் சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது இன்னொரு வீட்டுத் தொட்டிக்குத்தான் போயிருக்கும்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெயிலில் பூஞ்சணம் காய்ந்து போகலாம். ஆனால் அது புண்ணாக்குக்குள் விட்டுப்போன நஞ்சு போகாது. அஃப்ளாடொக்சின் என்பது அதன் பெயர். காயவைத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்றால் அதுவும் சரிவராது, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நஞ்சு இருக்கும். இந்த நஞ்சை உலகம் அறிந்ததே தீனியால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலில் இருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில்தான் அது இருந்தது. தாராக் குஞ்சுகள் இதை வான்கோழியை விடவும் தாங்காது. நாய்க்கும் ஆகாது, பூஞ்சணம் பிடித்த தீனியை மாட்டுக்கு வேண்டாம் என்று நாய்க்கு வைத்துவிடாதீர்கள். பெரிய மாடு கொஞ்சம் தாங்கும். பால் குறையும், தீனியில் நாட்டம் போகும், மயிர் பளபளப்பு இழக்கும். கன்றுதான் சீக்கிரம் அடிபடும். இதற்கு முறிமருந்து கிடையாது. தீனியை உடனே நிறுத்தி, நல்ல உணவு கொடுத்து, ஈரல் தேறும்வரை பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

எனக்கு அதிகம் நோவது பால் விஷயம்தான். கறவை மாடு இதைத் தின்றால் ஒரு நாளைக்குள் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது, தயிராக உறைய வைத்தாலும் போகாது. மனிதருக்கு ஈரல் புற்றுநோயைக் கொடுக்கும் நஞ்சு இது. மட்டக்களப்புத் தயிர் என்று ஊரூராகக் கொண்டுபோய் விற்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் ஊட்டுகிறோம். தீனியை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும் என்று வைத்தியர் சொன்னார். அதுவரை கறந்த பாலைக் குழி வெட்டி ஊற்றினோம். அந்த நட்டத்தை யார் தருவார்?

மழைக்காலத்தில் புண்ணாக்கு வாங்கும்போது கடையிலேயே மூட்டையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கை விட்டுப் பார்ப்பது போதாது. கவிழ்க்க மறுத்தால் வாங்காதீர்கள். கைத்தையல் போட்ட பை, கறை படிந்த பை, அடியில் கனத்துக் கட்டிபட்ட பை எதையும் எடுக்காதீர்கள். ஒரு கிழமைக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள், நம் ஊர் ஈரத்துக்கு நல்ல சரக்குக்கூட வீட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பில் கட்டாயம் கேளுங்கள், பில் இல்லாவிட்டால் எங்கே போய்ப் பேசுவது?

கடந்த வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய புண்ணாக்கில் சந்தேகம் இருப்பவர்கள் மூட்டையைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மேல், நடு, அடி என்று பல இடத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, காற்றுப்புகாத பையில் கட்டி, வாங்கிய திகதியை எழுதி வையுங்கள். நஞ்சு மூட்டை முழுக்க ஒரே அளவில் இருக்காது, ஒரு இடத்தில் எடுத்தால் தவறிப்போகும். அதையும் பில்லையும் பையின் படத்தையும் உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம். நாங்கள் இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டோம். இதே போல அடிபட்டவர்கள் தனித்தனியாகவாவது முறைப்பாடு போடுங்கள், ஒரு வீட்டுக் கதை என்றால் தாரா நோய் என்று மூடிவிடுவார்கள்.