ஏறியவரின் மகன் எங்கே நிற்பான்? சுங் சீனமும் இடைக்கால ஐரோப்பாவும்

சீனத்தில் அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என நான்கு படிகள். ஐரோப்பாவில் ஜெபிப்போர், போரிடுவோர், உழைப்போர் என மூன்று. 11ஆம் நூற்றாண்டில் லாவோன் நகர ஆயர் அடல்பெரோ அப்படித்தான் வகுத்து எழுதினார். இவை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. இந்த இரு சமூகங்களில் எதில் எளியவர் மேலே ஏற நல்ல வழி இருந்தது என்பதுதான் கேள்வி. மேலே ஏறியவரின் மகன் எங்கே நிற்பான் என்று பார்த்துத்தான் நான் சுங் வம்சச் சீனத்தின் (960–1279) பக்கம் சாய்ந்தேன்.

இங்கிலாந்தில் வீரர்குடியின் நிலம் பிரிக்கப்படாமல் மூத்த மகனுக்கே போனது. அதனால் அந்தஸ்தும் வீட்டைவிட்டு நகரவில்லை. பண்ணையடிமையோ மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஏழைக்கு இருந்த ஏணி திருச்சபை. எளிய குடும்பத்தில் பிறந்த மடாதிபதி சூஜெர், மன்னர் சிலுவைப்போருக்குப் போனபோது பிரான்சையே நிர்வகித்தார். ஆனால் துறவிக்கு வாரிசு ஏது? அந்த ஏணி அவரோடு முடிந்தது.

சீனத்திலோ ஏணி என்பது அரசுப் பதவிக்கு ஆளெடுக்கும் எழுத்துத் தேர்வு. தேர்வுத்தாளில் பெயரை மறைத்தார்கள். கையெழுத்து அடையாளம் தெரியாதிருக்க, எழுத்தர்களைக் கொண்டு விடைகளைப் படியெடுத்தார்கள். ஒருவர் சோற்றுக்கே திண்டாடியவரா என்று திருத்துபவருக்குத் தெரியாது. இரண்டு வயதில் தந்தையை இழந்த ஃபான் ஜொங்யான் 1015இல் தேறி, பின்னாளில் அரசின் உயர்பதவியைத் தொட்டார். தேர்வில் பெற்ற பட்டம் மகனுக்குச் சொத்தாகாது. நிலமோ எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரியும். இரண்டு மூன்று தலைமுறையில் பெரிய வீடும் சிறுத்துவிடும். ஃபானுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அதனால்தான் யாரும் பங்கு பிரிக்க முடியாத அறநிலம் ஒன்றைத் தன் குலத்துக்கு எழுதிவைத்தார். உறவினரின் அரிசி, திருமணம், ஈமச்சடங்குக்கெல்லாம் அதிலிருந்து உதவி போனது.

குறைகளும் பெரியவை. பெண்களுக்குத் தேர்வில் இடமே இல்லை. உயரதிகாரிகளின் மகன்களுக்குத் தேர்வின்றியே பதவி கிடைக்கும் சலுகை இருந்தது. தேறியவர்களில் உண்மையிலேயே புதிய குடும்பத்தார் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பல ஆண்டு படிக்க வீட்டில் நெல் இருக்க வேண்டுமே.

எழுத்தறியாத உழவனுக்காக யோசித்தால் என் சாய்வு தளர்கிறது. ஐரோப்பாவின் பல நகரங்களில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் தங்கிவிட்ட பண்ணையடிமை சுதந்திர மனிதன் ஆனான். அதற்கு அவன் ஒரு வரிகூட எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.