கல்லூரிக்குள் கோவொர்க்கிங் ஹால்: ஆறு செமஸ்டர் ஓடிய பிறகு

ஹால் திறந்த முதல் மாதத்தில் யாரைக் கேட்டாலும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். மேசையின் மைக்கா விளிம்பு பெயர்ந்து, இரண்டு ப்ளக் பாயிண்ட் கருகி, ஐந்து நாற்காலி கேண்டீனுக்கு இடம் மாறிய பிறகும் அங்கே யார் வந்து உட்காருகிறார்கள், எதற்காக உட்காருகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். காட்பாடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 24 இருக்கை ஹாலும், 60 பேர் வகுப்பில் குழுப்பாடமும் மூன்று ஆண்டு ஓடியதில் எது நிலைத்தது, எது கழன்றது என்பதை எழுதுகிறோம்.

முதல் தவறு நேரத்தில். பிராட் நியூபெர்க் 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கோவொர்க்கிங், தனியாக வேலை செய்கிறவர்கள் தங்கள் வசதிப்படி வந்து சேர்ந்து உட்காரும் ஏற்பாடு. அதை அப்படியே எடுத்து மாலை 4 முதல் 8 வரை ஹால் திறந்திருக்கும் என்று போர்டு வைத்தால், குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கம் போகிற டே ஸ்காலர் அத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஹாஸ்டலின் இன்னொரு படிப்பறை. இதற்கு இரண்டு மாற்று வேலை செய்தன. ஒன்று, 50 நிமிட பீரியட் இரண்டை அடுத்தடுத்து வைத்து டைம்டேபிளிலேயே 100 நிமிடம் ஒதுக்குவது. இன்னொன்று, காலை 8 மணிக்கே ஹாலைத் திறப்பது. ரயிலில் காட்பாடி ஜங்ஷன் வந்து இறங்குகிற பிள்ளைகள் வண்டி நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். முதல் மணி அடிக்க வெகு நேரம் முன்பே வந்து மரத்தடியில் நிற்பார்கள். ஹாலின் நிஜமான வாடிக்கையாளர்கள் அவர்களே.

சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் சாப்பிடப் போகும் 1 முதல் 2 மணி வரை ஹால் பூட்டித்தான் கிடக்கும், மாணவர்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அதே நேரத்தில்தான். இரண்டாவது சாவி அலுவலகத்தில் கையெழுத்து நோட்டோடு தொங்க வேண்டும். முன்பதிவுக்கு ஆன்லைன் படிவம் வைத்துப் பார்த்தோம், யாரும் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லேட் பலகை வைத்ததும் ஓடியது.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. லேப்டாப் சார்ஜர் ஒன்றுக்கு 65 வாட் என்றால் 24 இருக்கைக்கு 1,560 வாட். விளக்கு, ஃபேன் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்பது வயரிங் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த வரம்பு. அதே சர்க்யூட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒன்றின் வாலில் இன்னொன்றாகச் சொருகும்போது பளு கூடுகிறது. பிளக்கை இழுத்து இழுத்து உள்ளே பிடிமானம் தளர்ந்ததும் அந்த இடம் சூடேறிக் கருகுகிறது. மேசை வாங்கும் முன்பே 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இரண்டு தனி பவர் சர்க்யூட் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் 12 இருக்கை என்று பிரித்துவிட வேண்டும். ஒரு பக்கம் ட்ரிப் ஆனாலும் மறு பக்கம் ஓடும்.

எழுதும் பலகைக்குக் கடையில் விற்கும் ரெடிமேட் போர்டு தேவையில்லை. 8-க்கு 4 அடி பளபளப்பான வெள்ளை மைக்கா ஷீட்டை ப்ளைவுட்டில் ஒட்டினால் போதும். மேட் ஃபினிஷ் வாங்கினால் மை நுண்துளைகளில் இறங்கி, அழித்த பிறகும் நிழலாக நிற்கும். யாராவது பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவைத்தால் பதற வேண்டாம். அதன் மேலேயே சாதா போர்டு மார்க்கரால் தீட்டி, ஈரம் காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

இரைச்சல்தான் ஆறு செமஸ்டரும் தீராத குறை. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நான்கு குழு ஒரே நேரத்தில் பேச்சு. தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள், எதிரொலியை அவை பெரிதாக உறிஞ்சாது. கனமான துணியில் மடிப்பு மடிப்பாகத் திரை தொங்கவிடுவதும், நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுவதும் கொஞ்சம் தணிக்கும். வெயில் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே ஹால் வைத்தால் ஏப்ரலில் மதியம் 2 மணிக்கு மேல் அது காலிதான். ஃபேனை முழு வேகத்தில் விட்டாலோ சார்ட் பேப்பர் பறக்கும். ஒரு டஜன் கிளிப் பேட் வாங்கி வையுங்கள்.

இனி பாடம். இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்தபோது எழுந்த பகையைத் தணிக்க எலியட் ஆரன்சன் வகுத்தது ஜிக்சா முறை. பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டு கொடுப்பது. ஒரே துண்டுக்காரர்கள் முதலில் கூடிப் பேசிவிட்டு, பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். 60 பேருக்கு இதன் கணக்கு இப்படி: பாடம் 5 துண்டு, ஐவர் கொண்ட குழு 12. ஒவ்வொரு துண்டையும் 12 பேர் வைத்திருப்பார்கள். அந்த 12 பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் இருவர் பேச, பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் நால்வராகப் பிரிக்க வேண்டும். ஆக முதல் பாதிக்கு 15 இடம், இரண்டாம் பாதிக்கு 12 இடம். இந்த எண் மாற்றத்தை முன்கூட்டித் தரையில் சாக்பீஸால் குறிக்காவிட்டால் இடம் தேடியே கால் மணி போய்விடும். 100 நிமிடத்தில் விளக்கத்துக்கு 10, தனியாகப் படிக்க 15, ஒரே துண்டுக்காரர்கள் கலந்து பேச 25, சொந்தக் குழுவில் ஆளுக்கு 7 நிமிடமாகச் சொல்லிக்கொடுக்க 35, கடைசியில் தனித் தேர்வு 15. அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது அந்தக் கடைசி 15. அதை வெட்டினால் மற்ற 85-க்கும் அர்த்தமில்லை.

எந்தப் பாடத்தைத் துண்டு போடலாம் என்பதற்கு ஓர் உதாரணம், பாலாறும் தோல் தொழிலும். பதனிடும் முறை, கழிவுநீரின் வேதியியல், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், விவசாய நிலம், சட்டம் என ஐந்து. சட்டத் துண்டில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் 1996-ல் வேலூர் வழக்கில் தந்த தீர்ப்பு வரும். தேர்வில் 'தோல் கழிவின் தீமைகள் யாவை' என்று கேட்டால் ஒருவர் எழுதியதை மற்ற நால்வர் பார்த்து எழுதலாம். 'பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து பிரித்த பிறகும் தண்ணீர் ஏன் உவர்க்கிறது?' என்று கேளுங்கள். தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறார்கள் என்பது முதல் துண்டில் இருக்கிறது. குரோமியம் போலக் கரைந்த உப்பு வீழ்படிவாகி அடியில் தங்காது என்பது இரண்டாவதில். சாதாரணச் சுத்திகரிப்பு அதை நீக்காது, எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கலும் வேண்டும் என்பது மூன்றாவதில். மூன்று பேரும் வாய் திறந்தால் ஒழிய விடை கூடாது. படிப்படியாக வருவிக்கும் கணக்குக்கு இந்த முறை ஒத்துவராது. நடுத் துண்டு மட்டும் கையில் இருப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஆள் வராமல் போவது இன்னொரு தலைவலி. திங்கட்கிழமையில் நான்கு பேர் வரவில்லை என்றால் நான்கு குழுவில் தலா ஒரு துண்டு காணாமல் போகும். வராதவரின் துண்டைப் பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவர் வந்து இரண்டாம் முறை சொல்லட்டும். ஆசிரியரே போய்ச் சொன்னால் அந்தக் குழு அடுத்த வாரமும் அவருக்காகக் காத்திருக்கும்.

ஒரே பீரியட்தான் என்றால் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் எரிக் மஸூர் 1991 முதல் செய்தது போதும். நான்கு விடை கொடுத்து ஒரு கேள்வி, ஒரு நிமிடம் தனியே யோசனை, கை தூக்கி வாக்கு. சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தவரோடு பேசவிட்டு மறு வாக்கு. அதற்குக் கீழே என்றால் மறுபடி நடத்த வேண்டும், மேலே என்றால் நகர்ந்துவிடலாம். கருவி எதுவும் வேண்டாம். விடைக்கு ஒரு நிறமாக, நான்கு நிற சார்ட்டில் வெட்டிய அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும்.

மதிப்பெண்ணில்தான் சண்டை வரும். தேர் வடத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் இழுப்பதில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து சொன்னதும் இதையேதான்: ஆள் கூடக் கூட ஒருவரின் பலம் குறைகிறது. குழு வேலைக்கு 10 மதிப்பெண் என்றால் 4-ஐக் குழுவுக்கும் 6-ஐத் தனி வாய்மொழிக்கும் வையுங்கள். வாய்மொழியில் அவரவர் துண்டைக் கேட்காமல் பக்கத்தவர் துண்டைக் கேளுங்கள். குழுவை மாணவர்களே அமைத்துக்கொண்டால் ஒரே ஊர்க்காரர்கள் ஒட்டிக்கொள்வார்கள். ரோல் நம்பரைக் கலைத்துப் போடுவதே உத்தமம்.

பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி வைத்த செமஸ்டரில் குழுவுக்கு ஒருவர் மட்டும் பேசினார். தமிழிலும், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் உருதுவிலும், சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கிலும் பேசிவிட்டு, பலகையில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

உள்ளூர்ச் சிறுதொழில்காரர்களுக்கு இரண்டு இருக்கை விட்டுப் பார்த்தது தேறவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டில் போன் செய்து அனுமதி வாங்கவைத்தால் மூன்றாம் முறை யார் வருவார்கள்? மாத அடையாள அட்டை கொடுத்திருக்க வேண்டும்.

ஹாலுக்குப் பணம் இல்லாத கல்லூரி காத்திருக்க வேண்டாம். தரையோடு இறுக்கிய நீள பெஞ்சிலும் நடக்கும். ஒற்றைப்படை வரிசைக்காரர்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் முன்னே இருவர், பின்னே இருவர் என்று நால்வர் குழு தயார். பெஞ்சுக்கு மூன்று பேர் என்றால் அறுவர் ஆகும், அதில் ஓரத்தில் இருப்பவர் கழன்றுகொள்வார். அந்த ஓரத்து ஆளிடமே முதல் கேள்வியைப் போடுங்கள்.