பிரமோஸ் லாஞ்சர் மாடல் கிட்: ஒட்டி முடிச்சாச்சு, சொல்றேன்

பிரமோஸ்னா இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செஞ்ச ஏவுகணை, அதை ஏவற லாரியோட மாடல் இது. அக்கா பையன் பொறந்தநாளுக்கு வாங்குனது, 1,850 ரூபா. பெட்டி படத்துல லாரி மேல மூணு ஏவுகணை, அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். பிரிச்சா குழாய் மூணு இருக்கு, உள்ள ஏவுகணை ஒண்ணே ஒண்ணு. நம்ம ராணுவத்துல அந்த 12 சக்கர வண்டி மூணு ஏவுகணை சுமக்கற வண்டிங்க. பையன் மூஞ்சியே சுருங்கிப்போச்சு. வித்தவங்ககிட்ட கேட்டா "மாடல் அப்படித்தான் சார்"ங்கறாங்க, அப்புறம் படம் எதுக்கு அப்படிப் போடணும்?

ஆனா அந்த ஒரு ஏவுகணையை செஞ்சிருக்கற விதத்துக்கு மனசாரப் பாராட்டணும். மூக்கு மூடியை தனி பீஸா குடுத்திருக்காங்க, கழட்டினா வட்டமா ஒரு வாய், நடுவுல கூம்பு. "மாமா, மூக்குல ஏன் ஓட்டை?"ன்னான். அதுவழியா காத்து உள்ள போகும்டா, ராம்ஜெட்ங்கற எஞ்சினுக்கு காத்து வேகமா வந்து முட்டினாத்தான் வேலை நடக்கும், அதனால முதல்ல திட எரிபொருள் பூஸ்டர் ஒலியை விட வேகமா தள்ளிட்டு கழண்டுக்கும், அப்புறம் ராம்ஜெட் பிடிச்சு மாக் 2.8 பக்கம், அதாவது ஒலியைப் போல 2.8 மடங்கு வேகத்துல போகும்னேன். குழாய்லேருந்து செங்குத்தா கெளம்பினதும் மூக்கைத் திருப்பி விடறது அந்த மூடில இருக்கற குட்டி ராக்கெட், அதாவது த்ரஸ்டர்தான், திருப்பினதும் மூடி தனியா பறந்துடும். மாடல்ல அந்த த்ரஸ்டர் ஓட்டையைக் கூட ஊசி முனை அளவுல போட்டிருக்காங்க! பையன் பத்து தடவை கழட்டி மாட்டினான். மூடி ரொம்ப டைட்டு, உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சுக்குங்க. பெட்டில வர்ற பசை ஒட்டவே இல்ல, தனியா வாங்கிடுங்க.

கூட ஒரு தாள் வருது. 1998ல இந்தியா ரஷ்யா ஒப்பந்தம், பிரம்மபுத்திரா மாஸ்க்வா ரெண்டு ஆத்துப் பேரையும் சேர்த்து வச்ச பேரு, 2001 ஜூன் 12 சண்டிப்பூர்ல முதல் சோதனை, எல்லாம் சரி. தூரம் மட்டும் 290 கிலோமீட்டர்னு நிறுத்திட்டாங்க, அது பழைய கதை. 300க்கு மேல போற ஏவுகணையை வெளிநாட்டுக்குக் குடுக்க எம்டிசிஆர்ங்கற, ஏவுகணை தொழில்நுட்பம் பரவாம தடுக்கற நாடுகள் கூட்டமைப்போட கட்டுப்பாடு இருந்துச்சு, 2016ல இந்தியா அதுல சேர்ந்தப்புறம் 450 வரைக்கும் நீட்டியாச்சு. பிரமோஸ் கம்பெனியை ஆரம்பத்துலேருந்து நடத்தின நம்ம நாகர்கோவில்காரர் சிவதாணு பிள்ளை பேரும் அந்தத் தாள்ல இல்ல, அது எனக்கு ரொம்பவே வருத்தம்.

நான் தஞ்சாவூர்க்காரன். 2020 ஜனவரில இங்கதான் விமானப்படையோட 222வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) சுகோய்-30 போர் விமானத்தோட வந்துச்சு, வயித்துல ஒரே ஒரு பிரமோஸ், அதுவே ரெண்டரை டன். மேல சத்தம் கேட்டா பையன் இன்னும் மாடிக்கு ஓடறான். தாள்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அடுத்து அந்த சுகோயை பிரமோஸோட கிட்டா போடுங்க, முதல் ஆளா வாங்கறேன், ஆனா படத்துல எத்தனை காட்டறீங்களோ அத்தனையும் பெட்டிக்குள்ள வைங்க.